ஒடுக்கத்துக்குப் போகிறோம்

என் பாட்டி ‘தியானம்’ என்று சொல்லமாட்டார். ‘ஒடுக்கம்’ என்பார். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் பங்குக் கோயிலில் மூன்று நாள் பிரசங்கம் நடந்தால், “சாமி ஒடுக்கம் கொடுக்கிறார்” என்று சொல்லி அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார். பழைய கத்தோலிக்கத் தமிழில் ஞான ஒடுக்கம் என்பதுதான் வழக்கு. நான் துறவற சபையில் சேர்ந்த காலத்தில் அந்தச் சொல் போய்த் தியானம் வந்துவிட்டது. 26 ஆண்டுகளாக ஆண்டுதோறும் எட்டு நாள் இதைச் செய்துவருகிறேன். பாட்டியின் சொல்லே சரியானது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தியானம் என்றால் நாம் எதையோ செய்யப் போகிறோம் என்ற எண்ணம் வருகிறது. ஒடுக்கம் என்றால் பேச்சையும் கையையும் கண்ணையும் உள்ளே இழுத்துக்கொண்டு இருப்பது. செய்வதற்கும் இருப்பதற்கும் நடுவிலுள்ள அந்த வேறுபாடு எனக்குப் பிடிபடப் பத்து ஆண்டுகள் ஆயின.

“எட்டு நாள் பேசாமல் என்ன சிஸ்டர் செய்வீர்கள்?” என்று பள்ளி ஆசிரியைகள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். புதிதாக வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) கொடுத்த இளம் சகோதரிகள் அதையே சற்றுப் பயத்தோடு கேட்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

துறவிகளுக்கு இது கடமை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 663ஆம் சட்டம், ஆண்டுத் தியானக் காலத்தை உண்மையோடு கடைப்பிடிக்கவேண்டும் என்கிறது. எங்கள் சபையில் எட்டு நாள். பள்ளிக்கூடம் நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு மே மாதத்தைவிட்டால் வேறு காலம் வாய்ப்பதில்லை. விடைத்தாள் திருத்தி, தேர்ச்சிப் பட்டியல் ஒட்டி, விடுதிப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு மலைக்குப் பஸ் ஏறுவோம். வத்தலக்குண்டு தாண்டி முதல் வளைவு திரும்பும்போதே எனக்குக் கண் சொருகிவிடும்.

எட்டு நாளின் அமைப்பு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலிலிருந்து வருவது. படைவீரராக இருந்த அவர் 1521இல் ஸ்பெயினின் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து, படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மனம் மாறினார். மறு ஆண்டு மன்ரேசா என்ற ஊரில் ஆற்றங்கரை ஓரமாகப் பல மாதங்கள் தங்கி, தமக்குள் நடந்ததையெல்லாம் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகள் வளர்ந்து நூலாகி, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றன. முழுப் பயிற்சிக்கு ஏறத்தாழ 30 நாள் ஆகும். நாங்கள் செய்வது அதன் சுருக்கம். ஓர் அடிபட்ட மனிதர் நகரமுடியாமல் கிடந்த நாள்களில் பிறந்த முறை இது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது பிடிபடாததில் வியப்பில்லை.

முதல் நாள் தூங்குங்கள். 26 ஆண்டு அனுபவத்தில் நான் தரக்கூடிய முதல் அறிவுரை இதுதான். தொடக்க ஆண்டுகளில் வந்து இறங்கிய மாலையே சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு, கண்கள் எரிய எரிய விழித்திருப்பேன். தூங்குவது கடவுளுக்குச் செய்யும் அவமதிப்பு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தலைவலி, மூன்றாம் நாள் எரிச்சல் என்றுதான் அது போய் முடியும். ஒருமுறை எங்களுக்குத் தியானம் கொடுத்த வயதான இயேசு சபைக் குருவானவர் முதல் சந்திப்பிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எலியாவுக்கு வானதூதர் முதலில் என்ன கொடுத்தார்?” என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். பாலைவனத்தில் சூரைச்செடியின் அடியில் சாகவேண்டும் என்று படுத்துவிட்ட இறைவாக்கினருக்கு வானதூதர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டுவிட்டு மறுபடி தூங்கினார். அதன்பிறகுதான் மலைக்குப் போகும் நாற்பது நாள் நடை. “போய்த் தூங்குங்கள் சிஸ்டர், நாளை மாலை பார்ப்போம்” என்றார். அன்று பகல் முழுவதும் தூங்கினேன். அந்த ஆண்டுத் தியானம்தான் எனக்கு முதன்முதலில் உள்ளே இறங்கியது.

தியானம் இரு வகையாக நடக்கும். ஒன்றில் குருவானவர் எல்லாருக்கும் பொதுவாக உரை நிகழ்த்துவார். மற்றதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆன்மகுரு உண்டு. நாளுக்கு ஒருமுறை அவரை அரை மணி நேரம் சந்தித்து, செபத்தில் நடந்ததைச் சொல்லி, மறுநாளுக்கான விவிலியப் பகுதியைப் பெற்றுக்கொண்டு வரவேண்டும். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். உரைத் தியானத்தில் குறை எதுவும் இல்லை, உரை அளவோடு இருந்தால். ஓர் ஆண்டு நாளுக்கு ஆறு உரைகள் கேட்டோம். அருமையான உரைகள். நானும் கைவலிக்க எழுதி ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பினேன். ஆகஸ்டு மாதம் அதைப் புரட்டியபோது ஒரு வரிகூட என்னுடையதாக இல்லை. அதிகம் அறிவதால் ஆன்மா நிறைவடைவதில்லை, உள்ளூர உணர்ந்து சுவைப்பதால்தான் நிறைவடைகிறது என்று இஞ்ஞாசியார் தம் நூலின் தொடக்கத்திலேயே எச்சரித்திருக்கிறார். நாளுக்கு இரண்டு உரை போதும். மூன்றாவது உரைக்கான நேரத்தை மௌனத்துக்கு விட்டுவிடலாம். தியானம் கொடுக்கும் குருக்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இனி வறட்சியைப் பற்றி. எட்டு நாளில் இரண்டு மூன்று நாளாவது செபம் கட்டாந்தரையாகக் கிடக்கும். கடவுள் இருக்கிறாரா என்றே தெரியாது. கடிகாரம் மட்டும் கேட்கும். நவதுறவில், அதாவது துறவறப் பயிற்சியின் தொடக்க நிலையில் இருந்தபோது பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த தோழி கண்ணீர் வடிப்பதைப் பார்த்து, எனக்கு அழைத்தலே இல்லையோ என்று கலங்கியிருக்கிறேன். அடுத்தவருடைய கண்ணீரைப் பார்த்து நம் செபத்தை அளக்கக் கூடாது. சிற்றாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தால் யாரையும் பார்க்க நேராது. அது சின்ன உபாயம்தான், ஆனால் பெரிய உதவி.

வறட்சியான நேரத்தில் ஒரு மணி என்று குறித்திருந்தால் ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கவேண்டும், குறையக் கூடாது என்பது இஞ்ஞாசியார் சொன்ன விதி. ஐம்பதாவது நிமிடத்தில் எழுந்து போகத் தூண்டும் அந்தச் சோர்வுக்கு ஒருமுறை இடம் கொடுத்தால், மறுநாள் நாற்பதாவது நிமிடத்திலேயே அது வந்து நிற்கும். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி நற்செய்தி நூலின் அடியில் வைத்துவிடுவேன். மணி அடித்தபின் இன்னும் ஒரு திருப்பாடலை மெதுவாகச் சொல்லிவிட்டே எழுவேன்.

என் அம்மா ஒரு பிப்ரவரி மாதத்தில் இறந்தார். பொதுத்தேர்வு நெருங்கிய நேரம். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். செய்முறைத் தேர்வு, நுழைவுச்சீட்டு, அறை ஒதுக்கீடு என்று வேலை என்னைத் தாங்கிக்கொண்டது. அழவே இல்லை. மே மாதம் தியானத்தில் ஆன்மகுரு எனக்கு யோவான் நற்செய்தி பதினோராம் அதிகாரத்தைக் கொடுத்தார். பெத்தானியாவில் இலாசர் இறந்த வீடு. விவிலியக் காட்சியைக் கண்முன் கொண்டுவந்து அதற்குள் நாமும் ஓர் ஆளாக நிற்பது இந்த முறையின் வழக்கம். நின்றேன். எதுவும் நடக்கவில்லை. எழுத்தைப் படித்தேன், கூரையைப் பார்த்தேன், மணி முடிந்தது. அதை அப்படியே சொன்னேன். “அதே பகுதிக்கு மறுபடி போங்கள்” என்றார். மறுநாளும் அதே வறட்சி. “எந்த இடத்தில் சற்றுக் கனத்தது?” என்று கேட்டார். எனக்கு ஒரே ஓர் இடம்தான் நினைவுக்கு வந்தது. இயேசு வருகிறார் என்று கேட்டதும் இலாசரின் சகோதரி மார்த்தா எதிர்கொண்டு போகிறார், இன்னொரு சகோதரி மரியாவோ வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். “இரண்டு நாளாக நீங்கள் யாரோடு இருந்தீர்கள்?” என்றார்.

மார்த்தாவோடுதான் ஓடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்குள் போய் மரியாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது பெத்தானியா வீடாக இல்லை. எங்கள் வீடாக இருந்தது. கொடியில் அம்மாவின் சுங்குடிச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. திண்ணையில் பாதி உரித்த மொச்சை முறத்தோடு இருந்தது. அந்த மொச்சையைப் பார்த்துத்தான் நான் அழத் தொடங்கினேன். மூன்று மாத அழுகை. இயேசு வந்ததையோ கல்லறைக் கல்லைப் புரட்டச் சொன்னதையோ அன்று நான் எட்டவே இல்லை. ஆன்மகுருவிடம் சொன்னபோது, “நாளைக்கும் அங்கேயே இருங்கள்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆகவே ஒரு பகுதி ஒன்றும் பேசவில்லை என்றால் உடனே அடுத்த பகுதிக்குத் தாவாதீர்கள். திரும்பிப் போங்கள். இனித்த இடத்துக்கும் போங்கள், உறுத்திய இடத்துக்கும் போங்கள். பயிற்சி நூல் இந்த மீள்செபத்தை நாள்தோறும் விதித்திருக்கிறது. புதிய பகுதிகளைத் தேடும் ஆர்வத்தில் நாம் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

இன்னோர் ஆண்டு வேறு பாடம். அப்போது நான் இருந்த இல்லத்தில் ஒரு சகோதரியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மூன்றாம் நாள் இரவு, செபம் முழுக்க மனக்கசப்பாக இருந்ததால், சபையின் மாநிலத் தலைவிக்கு மாற்றல் கேட்டு இரண்டு பக்கம் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். மறுநாள் ஆன்மகுருவிடம் அதைச் சொன்னேன். வறட்சியில் எந்த முடிவையும் மாற்றக் கூடாது, அதற்கு முன் அமைதியில் எடுத்த முடிவில் உறுதியாக நிற்கவேண்டும் என்ற விதியை அவர் நினைவூட்டினார். உறையை விவிலியத்துக்குள் வைக்கச் சொன்னார். ஏழாம் நாள் பிரித்துப் படித்தேன். அதில் அந்தச் சகோதரியைப் பற்றி எழுதியிருந்தவற்றில் பாதி உண்மையில்லை. கிழித்துப்போட்டேன். ஆனால் இரண்டு மாதம் கழித்து வேறொரு கடிதம் எழுதி மாற்றல் கேட்டேன், கிடைத்தது. மாற்றல் கேட்டதில் தவறில்லை. முதல் கடிதத்தை எழுதியது கோபம், இரண்டாவதை எழுதியது நான். தியானத்தில் எடுக்கும் எந்தப் பெரிய முடிவையும் ஊர் திரும்பி ஒரு மாதமாவது ஆறவைத்துப் பாருங்கள்.

இருமுறை தியானத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் எனக்கு வந்தது. இது வேறு வகைப் படிப்பு. முதல் ஆண்டு 38 சகோதரிகளுக்குச் சமவெளியில் ஒரு தியான இல்லத்தைப் பதிவு செய்தேன். அடுத்த தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருந்ததை நான் விசாரிக்கவில்லை. முகூர்த்த நாள் எவை என்றும் பார்க்கவில்லை. எட்டு நாளில் ஐந்து நாள் விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி. வயதான சகோதரிகள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது. இப்போது இடம் பார்க்கப் போனால் முதலில் நாட்காட்டியைத்தான் கையில் எடுக்கிறேன். முகூர்த்தம், ஊர்த் திருவிழா, அம்மன் கொடை எல்லாம் பார்க்கவேண்டும். நல்ல ஆன்மகுருக்களை முந்தைய ஆண்டே கேட்டு வைத்துவிடவேண்டும். மே மாதத்தில் எல்லாச் சபைகளும் அவர்களையே தேடும். முழங்கால் வலியுள்ளவர்களுக்குக் கீழ்த்தளம். சர்க்கரை நோயுள்ளவர்களின் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டவேண்டும், நேரம் தவறாமல் உணவு வரவேண்டும். ஒறுத்தல் செய்கிறேன் என்று மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்த ஒருவர் ஆறாம் நாள் சிற்றாலயத்தில் மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து நோன்பு யாருக்கு, எவ்வளவு என்பதை ஆன்மகுருவைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும் என்று தொடக்க நாளில் சொல்லிவிடுகிறோம்.

கைப்பேசிகளை ஒரு துணிப்பையில் பெயர் எழுதி வாங்கி வைக்கிறோம். ஆனால் அதை மட்டும் செய்தால் மனம் பையையே சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் நோயாளி இருக்கும் சகோதரிகள் முதல் ஆண்டு தவித்துப்போனார்கள். இப்போது ஒரே ஓர் எண்ணை எல்லார் வீட்டுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். அந்தக் கைப்பேசி தியானத்தில் இல்லாத ஒரு சகோதரியிடம் இருக்கும். அவசரம் என்றால் அவர் வந்து தோளைத் தொடுவார். தொடாத வரைக்கும் வீட்டில் எல்லாம் நலம். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் மௌனம் உண்மையாகவே மௌனமாயிற்று.

சமையலறையில் வேலை செய்யும் அக்காமார்களை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு மௌன விதி கிடையாது. இருந்தும் எங்கள் தியான நாள்களில் அவர்கள் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார்கள். இரண்டாவது ஆண்டு, கடைசி நாள் திருப்பலியில் காணிக்கைப் பவனிக்கு அவர்களையே அப்பமும் திராட்சை இரசமும் எடுத்துவரக் கேட்டோம். எங்கள் எட்டு நாளைத் தாங்கியது அவர்கள் கைகள்.

வழிபாட்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, எல்லாச் சகோதரிகளும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். தியான நாள்களில் பாடல் குறையவேண்டும். எங்களில் நன்றாகப் பாடுகிறவர்கள் உண்டு, கீபோர்டு வாசிப்பவர்கள் உண்டு. விடியற்காலைத் திருப்பலிக்கு ஐந்து பாடல், மாலை ஆராதனைக்கு ஆறு பாடல் என்று போனால் பாடகர் குழுவுக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி வந்தால் பேச்சு வரும். ஓர் ஆண்டு எட்டு நாளுக்கும் சேர்த்து ஒன்பதே பாடல்கள் என்று வைத்து, கருவியில்லாமல் பாடினோம். திருப்புகழ்மாலை என்னும் அன்றாட வேளைச் செபத்தின் திருப்பாடல்களை இரு பக்கமும் மாறி மாறி, ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டுச் சொன்னோம். முதல் இரண்டு நாள் அவசரக்காரர்கள் முந்திக்கொண்டே இருந்தார்கள். நான்காம் நாள் 38 பேரும் ஒரே இடத்தில் மூச்சு விட்டோம். அதைவிட அழகான பாடலை நான் கேட்டதில்லை.

இரவு நற்கருணை ஆராதனைக்கு அரை மணிக்கு இருவர் என்று முறை வைப்பது நல்லது. ஒருவராக விட்டால் அடுத்தவர் வராதபோது முதலாமவர் விடியும்வரை மாட்டிக்கொள்வார். ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, கடைசி நாளுக்குத் தள்ளக் கூடாது. நான்காம் நாள் மாலை சரியான நேரம். அதற்குப் பிறகு மனம் இலேசாகி, இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் தியானிக்க இடம் கிடைக்கிறது.

மௌனத்தை முடிப்பதிலும் நாங்கள் பல ஆண்டு தவறு செய்தோம். கடைசித் திருப்பலி முடிந்ததும் பேச்சு வெடிக்கும், பாயசம் வரும், உடனே பஸ். கீழே இறங்குவதற்குள் எட்டு நாளும் சிதறிவிடும். இப்போது ஏழாம் நாள் இரவே மௌனத்தைக் கலைத்து, வட்டமாக உட்கார்ந்து, விரும்பியவர்கள் ஒரு வாக்கியம் சொல்கிறோம். மறுநாள் காலை மறுபடி மௌனம். எட்டாம் நாளைத் திரும்பிப் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கிறோம். தீர்மானம் எழுதுபவர்கள் ஒன்றே ஒன்று எழுதட்டும், அதுவும் நாளும் நேரமும் குறித்து. ‘இனிப் பொறுமையாக இருப்பேன்’ என்று பத்து ஆண்டு எழுதினேன். பதினோராம் ஆண்டு, ‘பள்ளி மணி அடிக்குமுன் ஐந்து நிமிடம் வாசலில் நின்று பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பேன்’ என்று எழுதினேன். அது இன்றும் நடக்கிறது.

எட்டு நாள் விடுப்பு யாருக்குக் கிடைக்கும் என்று இல்லறத்தார் கேட்பது நியாயம். இஞ்ஞாசியாரே அதை எண்ணிப் பார்த்திருக்கிறார். அலுவல் நிறைந்தவர்கள் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் இருந்தபடியே இப்பயிற்சியைச் செய்யலாம் என்று நூலின் 19ஆம் முன்குறிப்பில் வழி சொல்லியிருக்கிறார். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் சென்ற செப்டம்பரில் அப்படித் தொடங்கினார். இரண்டு சிறு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். ஒன்றரை மணி அவருக்குக் கிடைப்பதில்லை. நாலரை மணிக்கு எழுந்து, பால்காரர் வரும்வரை கொல்லைப்படியில் உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் என்னிடம் வந்து அந்த வாரத்தைச் சொல்கிறார். ஒருநாள், “நான் ஒழுங்காகச் செய்கிறேனா சிஸ்டர்? பாதி நேரம் இட்லி மாவைப் பற்றித்தான் நினைக்கிறேன்” என்றார். என் மொச்சைக் கதையை அவரிடம் சொன்னேன்.

இப்போது அவர் லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில், ஊதாரி மகன் வீட்டு வாசலில் நிற்கிறார். வயலிலிருந்து திரும்பிய மூத்த மகன், திரும்பி வந்த தம்பிக்காக நடக்கும் விருந்துக்கு உள்ளே போக மறுத்து நிற்கும் அந்த இடம். மூன்று வாரமாக அங்கிருந்து நகரவில்லை. நகரும்படி நானும் சொல்லவில்லை.